கால் கிலோ வெண்டைக்காய் எந்தத் தோட்டத்திலும் காய்ப்பதில்லை

சமையல் குறிப்பு எழுதுகிற எல்லோரும் கடையில் காய் வாங்குகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறார்கள். "வெண்டைக்காய் கால் கிலோ" என்று ஆரம்பிக்கும் குறிப்பைப் படித்தாலே எனக்குச் சிரிப்பு வரும். வீட்டில் நாலு செடி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், கால் கிலோ என்ற ஒன்று தோட்டத்தில் கிடையவே கிடையாது. காலையில் போய்ப் பார்த்தால் வெண்டை ஆறு இருக்கும், அதிலும் இரண்டு முற்றி நார் ஏறியிருக்கும், கத்திரி மூன்று, ஒரு கைப்பிடி காராமணி, பழுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற தக்காளி ஒன்று. இல்லையென்றால் ஒரேயடியாகச் சுரைக்காய் கொட்டும், வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே எல்லோரும் எழுந்து போகிற அளவுக்கு. ஒரு குடும்பத்துக்கு ஒரு வேளைக்கு என்று அளவாக எதுவும் வருவதில்லை.

மாடித் தோட்டம் போட்டுவிட்டு ஒரு வருஷத்தில் பைகளைக் காலி செய்து ஓரமாக அடுக்கிவிட்டவர்கள் நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன். கேட்டால் பூச்சி என்பார்கள், வெயில் என்பார்கள், தண்ணீர் என்பார்கள். அதெல்லாம் உண்மைதான், ஆனால் என் கணிப்பு வேறு. ஆறு வெண்டைக்காயை வைத்துக்கொண்டு என்ன சமைப்பது என்று தெரியாததுதான் பாதிப் பேர் கைவிடக் காரணம். அந்த ஆறும் ஃபிரிட்ஜில் கிடக்கும், அடுத்த ஆறு வருவதற்குள் வதங்கிப்போகும், அதற்குள் யாராவது மார்க்கெட்டிலிருந்து அரைக் கிலோ வாங்கி வந்துவிடுவார்கள், அப்புறம் செடிக்குத் தண்ணீர் ஊற்ற யாருக்கு மனசு வரும்? ஆனால் எங்கள் வேலூர்ப் பக்கத்துப் பழைய வட ஆற்காட்டுச் சமையல் இருக்கிறதே, அதுவே இந்தக் கோணல்மாணலான விளைச்சலுக்காக ஏற்பட்டதுதான். கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தால் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போடுவது, மொத்தமாகக் கிடைத்தால் காயவைப்பது. இதைப் பிடித்துக்கொண்டால் தோட்டம் நிற்கும் என்பது என் கட்சி.

எங்கள் வீடு வேலூர் சத்துவாச்சாரியில். பின்னால் புழக்கடையில் ஒரு துண்டு மண், மேலே மொட்டை மாடி, அவ்வளவுதான் தோட்டம். வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு, இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள்: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை. கோயிலுக்கு 1981-இல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். ஆறு? பாலாற்றில் 2021 நவம்பரில் வெள்ளம் கரை புரண்டு ஓடியது, பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்காத ஆள் இல்லை. மற்றபடி மணல்தான். மரம் இல்லாத மலைதான் தோட்டக்காரனுக்குப் பெரிய எதிரி. பகலெல்லாம் பாறை காய்ந்து, ராத்திரி பத்து மணிக்கும் அனல் அடங்காது. ஊட்டியில் இருக்கிறவர் சொல்கிற தோட்டக் குறிப்பை இங்கே கொண்டு வந்து கேரட்டும் முட்டைக்கோசும் போட்டால் வேலைக்கு ஆகாது. தக்காளியே இங்கே பங்குனி தாண்டினால் பூ மட்டும்தான். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் குளிராமல் இருந்தால் அதன் மகரந்தம் கெட்டுப்போகும், பூ காம்போடு உதிரும். அதற்கு மருந்து வாங்கி அடிப்பதெல்லாம் காசுக்குக் கேடு. ஆடி ஆவணியில் நாற்று விட்டு, மார்கழி தையில் பறித்துக்கொண்டு, வெயில் வந்ததும் செடியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் கீரை தூவுவதுதான் புத்திசாலித்தனம்.

தண்ணீர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. பக்கெட்டில் நாலு நாள் நின்றால் வெள்ளைக் கோடு விழும். காவிரித் தண்ணீர் குழாயில் வரும், அது குடிக்க. (2019-இல் சென்னையில் ஏரியெல்லாம் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனதே, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர், அதுவும் இந்தக் காவிரிக் கூட்டுக் குடிநீர்தான். வெயிலுக்குப் பேர்போன ஜில்லாவிலிருந்து தலைநகரத்துக்குத் தண்ணீர்!) உப்புத் தண்ணீரைப் பையில் வைத்த செடிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே இருந்தால், தண்ணீர் ஆவியாகிப் போய் உப்பு மட்டும் மண்ணில் தங்கும், மேலே வெள்ளையாகப் பொரிந்து நிற்கும், இலையின் ஓரம் தீய்ந்தாற்போல் ஆகும். நிறையப் பேர் அதைப் பார்த்துவிட்டு உரம் போதவில்லை என்று இன்னும் உரம் போடுவார்கள், அது இன்னும் கெடுக்கும். மழைக்காலத்தில் பைகளைச் சுவர் ஓரத்திலிருந்து நகர்த்தி வெட்டவெளியில் விட்டுவிடுங்கள், அடியில் ஓட்டை அடைக்காமல் இருந்தால் மழையே உப்பைக் கழுவிவிடும். வேலூருக்கு ஆடி, ஆவணி, புரட்டாசியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை, இரண்டு பருவமும் கொஞ்சம் கொஞ்சம் கிடைப்பது நமக்குள்ள ஒரு சலுகை. அரிசி கழுவிய தண்ணீர், பருப்பு கழுவிய தண்ணீர் எல்லாம் கறிவேப்பிலைக்கு. புளித்த மோர் இருந்தால் அதுவும் அதற்கே. கறிவேப்பிலையை இலை இலையாக உருவாமல் நுனியோடு ஒடிக்க வேண்டும், ஒடித்த இடத்தில் பக்கக் கிளை விடும், மரம் ஒல்லியாக உயரப் போகாமல் அடர்ந்து நிற்கும்.

சரி, சட்டிக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் தோட்டத்தின் உண்மையான விளைச்சல் நாங்கள் விதைத்ததில் இல்லை. என் மாமியாருக்கு ஒடுகத்தூர் பக்கம். மழை பெய்த ஒரு வாரத்தில் புழக்கடையில் தானாக முளைப்பது எல்லாவற்றுக்கும் அவரிடம் பெயர் உண்டு: குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, சாரணை, மூக்கிரட்டை. பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த பெண், சென்னைக்காரி, நல்ல மனசு, ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஆயா, இந்தக் களையெல்லாம் ஆள் வெச்சு எடுத்துடலாமா? எங்க பக்கமும் எடுக்கணும், ஒரே ஆளா வெச்சுக்கலாம்" என்று கேட்டாள். அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஏன் பாப்பா, இத்தப் புடுங்கிப் போட்டுட்டு மார்க்கெட்டுக்குப் போயி கீரை வாங்குவியா? உங்க பக்கம் கீறதையும் நானே பறிச்சிக்கிறேன், ஆளெல்லாம் வாணாம்." அன்றைக்கு ராத்திரி சுவருக்கு மேல் ஒரு கிண்ணம் கீரைக் கடைசல் போனது. இப்போது அந்தப் பெண்ணே பண்ணைக்கீரை எது, தொய்யா எது என்று பிரித்துப் பறிக்கிறாள்.

கலவைக்கீரை என்பது இதுதான். எந்தக் கீரையும் ஒரு கட்டு அளவுக்குத் தேறாது, ஆனால் எல்லாம் சேர்ந்தால் ஒரு சட்டி. அதோடு மணத்தக்காளி இலை ஒரு பிடி, முருங்கைக் கொழுந்து, வேலியில் ஓடுகிற பசலைக்கொடியில் நாலு இலை. புளிச்சக்கீரை கொஞ்சம் சேர்த்தால் புளி வேண்டாம், இல்லையென்றால் ஒரு தக்காளி. மண்சட்டியில் சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், கழுவிய கீரை, கொஞ்சமாகத் தண்ணீர், மூடாமல் வேகவைக்க வேண்டும். வெந்ததும் அந்தத் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் வடித்து வைத்துக்கொண்டு, உப்புப் போட்டு மத்தால் கடைய வேண்டும். சட்டியைக் கால் இரண்டுக்கும் நடுவில் துணி போட்டு இருத்திக்கொண்டு, சட்டியின் உள்பக்கச் சொரசொரப்பில் கீரையைத் தேய்த்துத் தேய்த்துக் கடையும்போது முதலில் தண்டு தண்டாகத் திரண்டு நிற்கும், அப்புறம் திடீரென்று இளகி ஒன்றாகிவிடும். அந்த நேரம் பார்த்து வடித்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவது. மிக்சியில் போட்டால் பச்சைப் பசை மாதிரி ஆகிவிடும், வாயில் கீரை என்று ஒன்றும் தட்டுப்படாது. கடைசியில் வெங்காய வடகத்தைக் கிள்ளி நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்ட வேண்டும். கடுகு உளுத்தம்பருப்பு தாளித்தால் அது வேறு சமையல். கூடக் கேழ்வரகுக் களி. நொய்யரிசி வெந்து கொதிக்கும்போது கேழ்வரகு மாவைக் கொட்டி, துடுப்பால் கட்டி தட்டாமல் கிளறி, ஈரக்கையால் உருட்டித் தட்டில் வைத்து, நடுவில் குழி போட்டு அதில் கடைசலை ஊற்றி, விரலால் கிள்ளித் தோய்த்து மெல்லாமல் விழுங்குவது. மெல்லத்தான் செய்வேன் என்கிறவர்களோடு எனக்கு வழக்கில்லை, ஆனால் அத்தைக்கு உண்டு.

ஒரு எச்சரிக்கை மட்டும். கீரை தெரிந்த ஆள் கூட இல்லாமல், போனில் படம் பார்த்துப் பறித்துச் சமைக்காதீர்கள். அதைவிட முக்கியம், எந்த மண்ணில் முளைத்தது என்று பாருங்கள். ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தையும் கிணற்றையும் என்ன செய்தது என்பது இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1996-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வந்த வழக்கு அது. கழிவு ஓடுகிற கால்வாய் ஓரத்தில் தளதளவென்று நிற்கிற கீரையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் தொட மாட்டேன்.

முருங்கை பற்றித் தனியாக எழுதலாம், அவ்வளவு இருக்கிறது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்-1 ரகம்தான் இப்போது எல்லா இடத்திலும். விதை போட்ட ஆறேழு மாதத்தில் காய்க்கும், காய்த்தால் கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தள்ளும். எங்கள் வீட்டில் இருப்பது போத்து, அதாவது வெட்டிய கிளையை நட்டு வளர்த்த பழைய நாட்டு மரம். காய் குறைவு, இலை ருசி. இரண்டில் ஒன்றுதான் வைக்க இடம் என்றால் நான் நாட்டு மரத்தைத்தான் சொல்வேன், ஏனென்றால் காய் கடையில் கிடைக்கும், இளங்கொழுந்து கிடைக்காது. வருஷத்துக்கு ஒரு முறை இடுப்பு உயரத்தில் வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் ஆனி ஆடிக் காற்றில் அதுவே முறிந்து பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் விழும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடிமரத்தில் அப்பிக் கிடக்கும், பகலில் எல்லாம் ஒரே இடத்தில் கூடியிருப்பதால் ஒரு தீப்பந்தத்தால் முடித்துவிடலாம். ஆடி வெள்ளியில் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும்போது கூடவே முருங்கைக்கீரைப் பொரியல் வைப்பார்கள். ஆடிக்கு முன்னால் மரத்தை வெட்டிவிட்டவர்கள் அன்றைக்குத் தெருவில் கீரைக்கு அலைவதைப் பார்க்கலாம்.

கத்திரி வைக்காத வேலூர் வீடு வீடே இல்லை என்று சொல்லுவேன். அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் செடியிலும் முள், பறிக்கும்போது விரலைக் கிழிக்கும், ஆனால் எண்ணெயில் வதங்கும்போது அது காட்டுகிற வழவழப்பு மற்றக் கத்திரிக்கு வராது. ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காய்ப் பச்சடி, அதான் எள்ளும் வேர்க்கடலையும் வறுத்து அரைத்துப் புளி சேர்த்து எண்ணெய் மிதக்க வைப்பார்களே, அதற்கு இதுதான் காய். மாடியில் பையில் வைத்தாலும் வரும், பெரிய பையாக இருக்க வேண்டும். தினமும் ஒரு நடை போய்ப் பார்ப்பதுதான் இதற்கு வைத்தியம். ஒரு கிளையின் நுனி மட்டும் தலை சாய்ந்து வாடியிருந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தமில்லை, உள்ளே தண்டுத்துளைப்பான் புழு இருக்கிறது. அந்த நுனியை ஒரு விரல் நீளம் கீழே தள்ளிக் கிள்ளிப் பிளந்து பாருங்கள், வெளிர் சிவப்பில் ஒரு புழு நெளியும். நசுக்கிவிட வேண்டியது. விட்டுவிட்டால் அதன் அடுத்த தலைமுறை காய்க்குள் போகும். காய்ப்பு ஓய்ந்த செடியைப் பிடுங்க வேண்டாம், முக்கால்வாசி வெட்டிவிட்டு எரு வைத்தால் மறுபடி தழைத்துக் காய்க்கும்.

மூன்றே கத்திரிக்காய் கிடைத்தால்? அடுப்பில் சுட்டுத் தோலுரித்து, பச்சை மிளகாயும் பூண்டும் வைத்து நசுக்கி, பச்சை வெங்காயம் நறுக்கிப் போட்டு, கொஞ்சம் புளி. நாலு பேருக்குச் சோற்றில் பிசைய வரும். அந்த ஆறு வெண்டைக்கும் இதே மாதிரி வழி உண்டு: வெண்டை, கத்திரி, காராமணி, முருங்கைக்காய் ஒன்று, எல்லாமே கைப்பிடி கைப்பிடியாகக் காரக்குழம்பில். பொங்கலுக்கு வைக்கிற பலகாய்க் குழம்பு வேறென்ன? பூசணி ஒரு பத்தை, அவரை, மொச்சை, வாழைக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கத்திரி என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம். மறுநாள் சுண்டவைத்துச் சாப்பிடுவதற்காகவே எங்கள் வீட்டில் அதைப் பெரிய குண்டானில் வைப்போம்.

அவரைக்கு மட்டும் பொறுமை வேண்டும். நாட்டு அவரை நாள் கணக்குப் பார்க்கிற கொடி. ஆடியில் விதைத்தால் புரட்டாசி ஐப்பசி வரைக்கும் இலையாகப் பந்தலை மூடும், பூவே இருக்காது, ஆட்கள் வந்து பார்த்துவிட்டு ஆண் கொடி என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ராத்திரி நீள ஆரம்பித்தால்தான் அது பூக்கும். மார்கழியில் பனியோடு சேர்ந்து கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். தையில் விதைத்துவிட்டு எப்போது காய்க்கும் என்று கேட்டால் வருகிற மார்கழியில்தான். நுனியில் கறுப்பாக அசுவினிப் பூச்சி அப்பினால் அடுப்புச் சாம்பலைக் காலைப் பனி ஈரத்தில் தூவினால் போதும். இப்போது விறகடுப்பு யார் வீட்டில் இருக்கிறது என்பீர்கள், டீக்கடையில் கேட்டால் கொடுப்பார்கள். அவரையும் கத்திரியும் போட்ட கருவாட்டுக் குழம்புக்கு இந்தத் தொல்லையெல்லாம் தகும்.

இனி, மொத்தமாகக் கொட்டுகிற கொடிகள். சுரை, பீர்க்கு, பூசணி. முதலில் வருகிற பூவெல்லாம் ஆண் பூ, உதிரும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் இருக்கும். மாடியில் வண்டு வரத்து குறைவு என்றால் ஆண் பூவைப் பறித்து நாமே தொட்டுவிட வேண்டும், பூசணிக்கும் பாகலுக்கும் காலையில், சுரையும் பீர்க்கும் சாயங்காலம் மலரும். பிடித்துவிட்டால் அப்புறம் நம் கையில் இல்லை. முதல் சுரைக்காயைத் தெருவில் எல்லோரும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள், மூன்றாவதைக் கொண்டு போகும்போது கேட் திறக்க நேரமாகும். அதனால் வீட்டிலேயே கரைக்க வழி பார்க்க வேண்டும்: துருவி அடை மாவில், கடலைப்பருப்போடு கூட்டில், பிஞ்சாக இருந்தால் தோலோடு. பீர்க்கங்காயில் தோல்தான் காயைவிட எனக்குப் பிடித்தது. நரம்பைச் சீவி, தோலை நல்லெண்ணெயில் மொறுமொறுவென்று வதக்கி, உளுந்து, காய்ந்த மிளகாய், புளி, தேங்காய் வைத்து அரைத்தால் துவையல்.

பச்சையாகத் தீர்க்க முடியாததெல்லாம் வெயிலுக்கு. மே 4-ஆம் தேதி வாக்கில் அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் எங்கள் தோட்டத்தில் கறிவேப்பிலை, முருங்கை, பிரண்டை தவிரப் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் மாடி காலியாக இருக்காது. மாசியிலிருந்தே கொத்தவரை, சுண்டைக்காய், பாகல், கத்திரி, மணத்தக்காளி என்று ஒவ்வொன்றாக மாடியில் காய ஆரம்பித்திருக்கும், சின்ன வெங்காயம் மலிகிற நேரம் பார்த்து வடகமும் போட்டாகிவிடும். தோட்டக்காரனைக் கொல்லுகிற இந்த வெயில் சமையற்கட்டுக்கு இப்படி ஒரு கூலி கொடுக்கிறது. இரண்டு நாளில் சலசலவென்று காய்ந்துவிடும், பூஞ்சை பிடிக்க நேரமே கிடையாது.

மணத்தக்காளியை யாரும் விதைப்பதில்லை, பறவை எச்சத்தில் வந்து பைக்குப் பை முளைக்கும். இலை கடைசலுக்கு, பழம் பிள்ளைகளுக்கு, பச்சைக் காய் வத்தலுக்கு. காயைக் காம்பு நீக்கி, லேசாக நசுக்கி, உப்புப் போட்ட புளித்த மோரில் ராத்திரி ஊறவைத்து, பகலில் வடித்துக் காயவைத்து, மறுபடி அதே மோரில் போட்டு, மோர் தீர்கிறவரை இப்படியே. பாட்டிலில் போட்டுவிட்டால் அடுத்த மழை வரைக்கும் தாங்கும். குழம்புக்கு எடுக்கும்போது நல்லெண்ணெய் காய்ந்ததும் அடுப்பைக் குறைத்துவிட்டு வத்தலைப் போடுங்கள், நொடியில் பொரிந்துவிடும், கொஞ்சம் கருகினாலும் குழம்பு முழுக்கக் கசப்பு ஏறிவிடும்.